தேதி முடிந்த பாக்கெட்டுகள்

பதினோரு வருடம் நான் லைன் வண்டியில் போனேன். காரைக்குடியில் ஒரு ஏஜென்சியில் வேலை. பிஸ்கட், சிப்ஸ், நூடுல்ஸ், குளிர்பானம் எல்லாவற்றையும் வேனில் ஏற்றிக்கொண்டு கோவிலூர், நேமத்தான்பட்டி, சிங்கம்புணரி வரைக்கும் பெட்டிக்கடைகளுக்குப் போடுவேன். வேண்டாம் என்று சொல்லும் கடையிலும் இரண்டு பாக்கெட் சரம் மாட்டிவிட்டுத்தான் வருவேன். பேச்சில் அப்படி ஒரு சாமர்த்தியம் இருந்தது எனக்கு.

அக்கா நேமத்தான்பட்டிக்குப் பக்கத்தில் தனியாக இருந்தாள். என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். அத்தான் லாரி விபத்தில் இறந்தபிறகு களை எடுக்கவும் நாற்று நடவும் போய் ஒரே மகளை வளர்த்து, திருப்பூரில் கட்டிக்கொடுத்துவிட்டாள். வயலுக்குப் போகும்போது தூக்குவாளியில் கம்மங்கஞ்சியும் நாலு சின்ன வெங்காயமும் இருக்கும். ஐம்பது வயதிலும் நெல் மூட்டைக்கு ஒரு கை கொடுப்பாள்.

இடுப்பு வலி வந்து குனிய முடியாமல் போனதும், வீட்டின் முன்னறையில் கடை வைத்துக் கொடுத்தேன். முதல் நாள் சரங்களை நானே கட்டித் தொங்கவிட்டேன். அக்கா முகத்தில் அன்று இருந்த சந்தோஷத்தைப் பார்த்து எனக்கும் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

சின்ன ஊர். போட்ட சரக்கில் பாதி விற்காமல் நின்றுபோகும். ஒருநாள் ஒரு அட்டைப் பெட்டியை என் முன்னால் வைத்தாள்.

"இதெல்லாம் டேட் முடியப் போகுதுடா. எடுத்துட்டுப் போறியா?"

"கம்பெனியில எடுக்க மாட்டாகக்கா."

"அப்பச் சரி. கீழயா போட முடியும்? நானே தின்னுக்கிறேன். ஒருத்திக்கு எதுக்கு அடுப்பப் பத்த வச்சுக்கிட்டு."

நான் சொன்னது பொய். எடுப்பார்கள். ஆனால் சரக்குத் திரும்பி வராத லைன்காரனுக்குத்தான் ஏஜென்சியில் மரியாதை. அந்த மரியாதைக்காக எல்லாக் கடையிலும் சொன்ன பொய்யை அக்காவிடமும் சொன்னேன். அவள் என்னை நம்பினாள்.

அதன்பிறகு அவள் சாப்பாடே அதுவாகிப் போனது. காலையில் டீயில் முக்கிய கிரீம் பிஸ்கட். மத்தியானம் நூடுல்ஸ். தாகத்துக்கு ஆரஞ்சு நிறக் குளிர்பானம். போகும்போதெல்லாம் பார்த்தேன். உடம்பு ஊதிக்கொண்டே வந்தது. "நிழல்ல உக்காந்து சாப்புடுறல்ல, அதான்" என்று கிண்டல் செய்தேன். அவளும் சிரித்தாள்.

கடை வைத்த நாலாவது வருடம் காலில் கருவேல முள் குத்தியது அவளுக்குத் தெரியவே இல்லை. புண் நாற்றமெடுத்தபிறகுதான் எனக்குப் போன் செய்தாள். சிவகங்கைக்குக் கூட்டிக்கொண்டு போனோம். சர்க்கரை எக்கச்சக்கமாக இருக்கிறது, எத்தனை வருடமாக இருக்கிறதோ என்றார் டாக்டர். முதலில் இரண்டு கால்விரல்களை எடுத்தார்கள். பத்து நாள் கழித்து முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள்.

நர்ஸ் கேட்டார்: "வீட்டுல என்னம்மா சாப்புடுவீக?"

"தம்பிதான் கடைக்குச் சாமான் போடுறான். அதுல மிஞ்சுறத வீணாக்காமத் தின்னுக்குவேன்" என்றாள் அக்கா. குறையாகச் சொல்லவில்லை. தம்பி தன்னை நன்றாக வைத்திருக்கிறான் என்கிற மாதிரிதான் சொன்னாள். நர்ஸ் என்னைப் பார்த்தார். நான் கட்டிலுக்கு அடியில் எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டேன்.

வெளியே வந்து டாக்டரிடம் கேட்டேன், தின்பண்டத்தால்தான் வந்ததா என்று. "அது ஒண்ணுதான் காரணம்னு சொல்ல முடியாது. பரம்பரையா இருக்கலாம். ஆனா அது இல்லாம இருந்திருந்தா இவ்வளவு சீக்கிரம் இந்த நிலைமைக்கு வந்திருக்காது" என்றார். முதல் பாதியைப் பிடித்துக்கொண்டு கொஞ்சநாள் தூங்கினேன். பிறகு அதுவும் முடியவில்லை.

அக்காவை என் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். என் மனைவி கேப்பைக் களியும் கீரையுமாகச் செய்து கொடுத்தாள். அக்காவுக்கு இறங்கவில்லை. அந்தக் களியைத் தின்றுதான் அவள் வளர்ந்தாள். இப்போது வாயில் வைத்தால் மண் மாதிரி இருக்கிறது என்றாள். மனைவி அந்தப் பக்கம் போனதும் மெதுவாக, "ஒரே ஒரு கிரீம் பிஸ்கட் குடுடா" என்பாள். ஒருமுறை கொடுத்தேன். கண்ணை மூடிக்கொண்டு தின்றாள். என்னால் அங்கே உட்கார்ந்திருக்க முடியவில்லை.

எங்கள் வீட்டுக்கு வந்த எட்டாவது மாதம் சிறுநீரகம் இரண்டும் நின்றுபோய் இறந்தாள்.

காரியம் முடிந்து மகள் திருப்பூருக்குக் கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கடைசி வரைக்கும் எங்கம்மாவ நீங்கதான் மாமா பாத்துக்கிட்டீக. வேற யாரு இப்படிப் பாப்பாக?"

சொல்லிவிட வேண்டும் என்று வாய்வரை வந்தது. பஸ் ஹாரன் அடித்தது. "பாத்துப் போ ஆத்தா" என்று மட்டும் சொன்னேன்.

வேலையை விட்டுவிட்டேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். விடவில்லை. அடுத்த திங்கட்கிழமையே வண்டியை எடுத்தேன். இன்னும் ஒன்றரை வருடம் போனேன், முழங்கால் வலி வந்து உட்காரும்வரைக்கும்.