காலண்டரின் பின்பக்கம்

நேற்றைய தாளைக் காலண்டரிலிருந்து கிழித்து, பின்பக்கம் மேலே தெரியும்படி அப்பாவின் முன்னால் வைக்கிறாள் அருந்ததி. காலைப் பசியாறுவதற்கு முன்பே இது முடிந்துவிட வேண்டும்.

"அப்பா, சைன் போடுங்க."

கதிர்காமநாதன் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுக்கிறார். துறைமுக அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்தவர். வீட்டிலும் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது அந்தப் பேனாவுக்கு ஒரு பை வேண்டும் என்பதற்காகத்தான். பெரிதாக ஒரு 'கே', சாய்வாக ஒரு கோடு, அடியில் இரண்டு புள்ளி. கை கொஞ்சமும் நடுங்காது. அருந்ததி ஆரம்பப் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். பழக்கம் விடாமல் கையெழுத்துக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு சரி போடுவாள். பிறகு கேள்விகள்.

"இந்த வீடு யாரோடது?"

"என்ர வீடு."

"யாருக்குக் குடுக்கப் போறீங்க?"

"மகளுக்கு. அருந்ததிக்கு."

எல்லாம் சரி. இன்னும் ஒரு கேள்வி இருக்கிறது. அதை மட்டும் அவள் கேட்பதில்லை.

ஜெலுத்தோங்கில் பக்கத்து வீட்டு ஹாஜராவுக்கு இது தினமும் கேட்கும். "என்ன டீச்சர், இன்னிக்கும் பரீட்சையா? பாவம்லா மனுசன், ஒரு நாளாச்சும் லீவு குடுங்க" என்பாள் கம்பிக் கதவு வழியாக.

"லாயர் வர்றாங்கக்கா. பாஸாகணும்ல."

"பெயிலானா?"

"பெயிலானா அவரு மேல நானும், என் மேல அவரும் விழுந்து கிடக்க வேண்டியதுதான்."

இருவரும் சிரிப்பார்கள். ஆனால் அவள் சொன்னது விளையாட்டல்ல. குளியலறையில் அப்பாவைத் தாங்கித் தாங்கி அவளுடைய முதுகெலும்பு நழுவிவிட்டது. அறுவை செய்தாக வேண்டும், இனி ஆளைத் தூக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். புக்கிட் மெர்தாஜாமில் ஒரு முதியோர் இல்லம் பார்த்து வைத்திருக்கிறாள். சைவச் சாப்பாடு, தமிழ் பேசுகிற ஆட்கள். அப்பாவின் பென்ஷன் அதற்குக் காணாது. வீட்டை விற்றால் அவர் காலம் முழுக்கக் காணும். ஆனால் வீடு அவர் பெயரில் இருக்கிறது.

போன வருடம் அவர் தெளிவாக இருந்தபோதே பெயர் மாற்றப் பத்திரத்தை லாயர் ரூபினி தயார் செய்து கொண்டுவந்தாள். "எங்க வைக்கவேணும், காட்டு பிள்ளை" என்று அப்பா பேனாவைத் திறந்துவிட்டார். அருந்ததிதான் காலண்டரைப் பார்த்தாள்.

"ஆடியில வீட்டுப் பத்திரம் வேணாம்லா. ஆவணி பொறக்கட்டும்."

ரூபினி மறுத்துப் பேசவில்லை. அவளுடைய அம்மாவும் ஆடியில் எதையும் தொடங்கமாட்டாள். ஆடி முடிவதற்குள் அப்பாவின் மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைபட்டது. கைகால் தப்பித்தன, மனிதர்தான் எங்கோ போய்விட்டார். ஆவணியில், நல்ல நாளில், நல்ல நேரத்தில் ரூபினி மறுபடி வந்து அவர் பெயரைக் கேட்டபோது அவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் பத்திரத்தைப் பைக்குள் வைத்துவிட்டாள்.

"புரிஞ்சு போடணும் ஆன்ட்டி. கை மட்டும் போட்டா செல்லாது. இனி கோர்ட்டுதான். டாக்டருங்க சர்டிபிகேட் குடுக்கணும், நிருபன் அங்கிள் சம்மதிக்கணும். எப்ப முடியும்னு என்னால சொல்ல முடியாது."

மெல்பர்னில் இருக்கும் தம்பி நிருபனுக்கு அருந்ததி விஷயத்தை நீளமாக எழுதி அனுப்பினாள். 'ஆடியில வேணாம்னு சொன்னது யாரு அக்கா?' என்று பதில் வந்தது.

அன்றிலிருந்து அவள் காலண்டரின் முன்பக்கத்தைப் படிப்பதில்லை. ராகுகாலத்தில் பசாருக்குப் போகிறாள். எமகண்டத்தில் மருந்து வாங்குகிறாள். அப்பாவுக்குப் பேச்சும் பெயரும் மெல்லத் திரும்பியபோது, பின்பக்கத்தில் பாடம் தொடங்கியது. ஒரே ஒரு தடவை வந்து பார் என்று ரூபினியைக் கெஞ்சிச் சம்மதிக்க வைத்தாள்.

ரூபினி வந்தாள். அப்பா தலை வாரி, திருநீறு பூசி, நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பெயர் சொன்னார். வீடு சொன்னார். மகளுக்கு என்றார்.

"ஆன்ட்டி, நீங்க கொஞ்சம் உள்ள இருங்க. அவர்கிட்ட நான் தனியா பேசணும். ரூல் அப்படி."

அடுக்களையில் அடுப்பை அணைத்துவிட்டு நின்றாள். அப்பா குரலைத் தாழ்த்தினார். காது மந்தமானவரின் ரகசியம் அடுக்களைவரை கேட்டது.

"பிள்ளை, நீங்க படிச்ச ஆள், உங்களிட்ட ஒண்டு சொல்லவேணும். இஞ்ச ஒரு பொம்பிளை நிக்கிறா. நல்லாச் சமைக்கிறா, குறை சொல்லேலாது. ஆனா விடிஞ்சாப் போதும், கையெழுத்து வை, கையெழுத்து வை எண்டு ஒரே கரைச்சல். நான் வெறுங் கடுதாசியிலதான் வைச்சுக் குடுக்கிறன். பத்திரத்தில வைக்கமாட்டன். வீடு என்ர மகளுக்கு. அவ ஸ்கூலுக்குப் போயிருக்கிறா."

ரூபினி அடுக்களை வாசலில் வந்து நின்றாள். "கேட்டுச்சா ஆன்ட்டி?"

"கேட்டுச்சு."

"உங்க வீட்டை உங்ககிட்டேர்ந்து காப்பாத்துறாரு." சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. "இதுக்கப்புறம் நான் கையெழுத்து வாங்கக் கூடாது. கோர்ட்டுக்கே போடுவோம்."

"பாப்போம்லா" என்றாள் அருந்ததி. எதற்கும் அவள் சொல்கிற வார்த்தை அது.

ரூபினியின் கார் போன பிறகு சோற்றைப் போட்டு வைத்தாள். அப்பா தட்டைத் தொடவில்லை.

"மகள் வரட்டும்."

"அவ வர லேட்டாகும் ஐயா. நீங்க சாப்பிடுங்க."

"அவ வந்தாப் பிறகு."

சோறு ஆறிக்கொண்டிருந்தது. அருந்ததி அறைக்குள் போய், பள்ளிக்கு எடுத்துப்போன பழைய கைப்பையைத் தேடித் தோளில் மாட்டினாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து காலில் சப்பாத்தைப் போட்டாள். வெளியே வந்து கம்பிக் கதவைச் சாத்தினாள்.

"வெயில்ல எங்க டீச்சர் கிளம்பிட்டீங்க?" என்றாள் ஹாஜரா.

அருந்ததி தோளில் பையைச் சரிசெய்துகொண்டாள். தெருவைப் பார்த்துக் கொஞ்சம் நின்றாள். பிறகு திரும்பிப் பூட்டை ஆட்டினாள்.

"அப்பா, நான் வந்துட்டேன்."

சுவரைப் பிடித்துப் பிடித்து அவர் வந்தார். கம்பிகளுக்கு இடையே அவளை மேலும் கீழும் பார்த்தார். அவளுக்குப் பின்னால் தெருவில் வேறு யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தார். பிறகு, சட்டைப்பையிலிருந்த பேனாவை உள்ளங்கையால் மூடிக்கொண்டார்.