நொதிக்குத் தோழி

"என்ன மகாராணி, இன்னைக்காவது மனசு இறங்குவியா?" என்று கேட்டபடியே சோதனைக்குழாயை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடிக்கிறார் எங்கள் ஆய்வுக்கூடத்து விஞ்ஞானி அம்மா. உள்ளே இருப்பது யாரோ ஒரு பெண்ணின் ரத்தத்திலிருந்து பிரித்த தெளிநீர். மகாராணி என்பது அதிலுள்ள ஒரு நொதி. அது மும்முரமாக வேலை செய்தால் மஞ்சள் நிறம் விறுவிறுவென்று ஏறும். மார்பகப் புற்றுநோய் வந்தவர்களிடம் அது சோம்பிப்போகிறதோ என்பது இவருடைய சந்தேகம். உறுதியானால், கட்டி கைக்குத் தட்டுப்படும் முன்பே ரத்தம் காட்டிக்கொடுத்துவிடும்.

நான் பக்கத்து மேசைக்காரி. வேலை நேரத்தில் தும்மினால்கூட முறைப்பார். "என் டீயை எவ குடிச்சது?" என்று சண்டைக்கு வருவார், டீ அவர் கையெட்டும் தூரத்தில் ஆடை படிந்து கிடக்கும்.

மத்தியானம் தவறாமல் இவருடைய அக்காவின் போன் வரும். புற்றுநோய்க்கு ஒரு பக்க மார்பை எடுத்து, சிகிச்சை முடித்துத் தேறிய அக்கா. "உன் மகாராணி வாயைத் திறந்தாளா?" "திமிரு பிடிச்சவக்கா. கெஞ்சிக்கிட்டிருக்கேன்." நோய் திரும்பினால் முன்கூட்டியே தெரியாதா என்பதுதான் இருவருக்கும் ஏக்கம். வாய்விட்டுச் சொல்லிக்கொள்ள மாட்டார்கள்.

போன வாரம் மகாராணி இறங்கிவந்தாள். நோயாளிகளின் குழாய்கள் அத்தனையும் வெளிறி நின்றன. மற்றவர்களுடையவை மஞ்சளாய்ப் பளிச்சிட்டன. நாங்கள் கைதட்டினோம். இவர் மட்டும் பேயறைந்தது மாதிரி நின்றார். நோயாளிகளின் ரத்தம் வந்த ஐஸ் பெட்டியை வெயிலில் வைத்துவிட்டு, அக்காவோடு போனில் சிரித்துக்கொண்டிருந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்திருக்கிறது. சூடு பட்டால் நொதி செத்துவிடும். "அவ சோம்பிப்போகலடி, நான்தான் கொன்னுட்டேன்" என்றவர், குழாய்கள் முழுவதையும் கழிவுத் தொட்டியில் கொட்டினார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அக்காவிடம் சொல்லத்தான் நடுங்கினார். "எல்லாம் போச்சுக்கா. மறுபடியும் முதல்லேர்ந்து எல்லாருக்கும் ரத்தம் எடுக்கணும்."

"அதுக்கு ஏன்டி மூக்கை உறிஞ்சுற? என் ரத்தம் என்ன, வத்தியா போச்சு? வர்றேன் இரு."

இன்று வந்தார் அக்கா. அறுவைச் சிகிச்சை நடக்காத பக்கத்துக் கையைக் கேட்காமலே நீட்டினார். "சீக்கிரம் குத்துடி, வீட்டுல வேலை கிடக்கு."

இவர் அவசரப்படவில்லை. காலையிலிருந்து ஐஸில் துழாவிய கைகள். உள்ளங்கைகளைப் பரபரவென்று தேய்த்துத் தன் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். இன்னும் சில்லென்றிருந்தது போலும். மறுபடி நன்றாகத் தேய்த்துவிட்டுத்தான் அக்காவின் கையைத் தொட்டார்.