புளி போட்டுத் தேய்த்த வெள்ளி ரூபாய்கள்

விறகு மண்டி ஒன்று, மரம் அறுக்கும் மில் ஒன்று, லாரி இரண்டு, எட்டு வீடு உள்ள காம்பவுண்டு ஒன்று, மாரியம்மன் கோயிலுக்குச் சுற்றுச்சுவர், அதன் பக்கத்தில் ஏழைபாழைகள் வாடகை கொடுக்காமல் கல்யாணம் செய்துகொள்ள ஒரு மண்டபம். இத்தனையும் மைசூரில் நான் கட்டியது. அப்பன் சொத்து என்று இதில் ஒரு செங்கல் கிடையாது. ஹனூர்ப் பக்கத்துக் காட்டோரத்திலிருந்து அடுத்தவன் வண்டியில் விறகு ஏற்றிக்கொண்டு வந்தவன் நான். மூன்றாம் வகுப்பை முடிக்கவில்லை. கன்னடம் நான் படித்ததல்ல, மார்க்கெட்டில் வாங்கிய வசவிலிருந்து வந்தது. மண்டி ஒருமுறை அடியோடு எரிந்தது. மிஞ்சிய கரியை விற்று அதே இடத்தில் மறுபடி ஆரம்பித்தேன். இதையும் நானேதான் எழுதுகிறேன். தப்பு இருந்தால் அச்சாபீஸ்காரர் திருத்திக்கொள்ளட்டும்.

இன்னொரு காரியமும் செய்தேன். அதற்குக் கல்லும் சுண்ணாம்பும் வேண்டியிருக்கவில்லை, அதனால் யார் கண்ணிலும் படவில்லை. ஒரு பெண்பிள்ளையின் தலைமேல் விழுந்த பழியை எடுத்து எறிந்தேன். அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

என் காம்பவுண்டில் மூன்றாவது வீட்டில் ஒரு வாத்தியார் குடியிருந்தார். ஹைஸ்கூலில் சரித்திரம் நடத்தி ஓய்வு பெற்றவர். அவரும் அவர் சம்சாரமும் மட்டும்தான், பிள்ளைகள் இல்லை. இருவருக்கும் கொள்ளேகாலம் பூர்வீகம், என் ஹனூரும் அந்தத் தாலுக்காதான். மாநிலம் பிரிக்கும்வரை கொள்ளேகாலம் கோயமுத்தூர் ஜில்லாவில் இருந்தது. எங்கள் பேச்சும் அந்த அம்மாள் பேச்சும் ஒன்று. என்னை அண்ணா என்பாள், நான் அம்மிணி என்பேன்.

அணா போய் நயா பைசா வரப்போகிறது என்று ஊரெல்லாம் பேச்சாக இருந்த சமயம். வாத்தியாருக்கு ஓய்வுப் பணம் மொத்தமாகக் கைக்கு வந்திருந்தது. மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் பழைய நாணயம் விற்கிற கடை ஒன்று. கண்ணாடிப் பெட்டி, உள்ளே சிவப்பு வெல்வெட்டு, மேலே ஒரு பூதக்கண்ணாடி. வாத்தியார் தினமும் சாயங்காலம் அங்கே போக ஆரம்பித்தார். ஒருநாள் என்னை வீட்டுக்குள் கூப்பிட்டு டிரங்குப் பெட்டியைத் திறந்து காட்டினார். சின்னச் சின்ன அட்டைப் பெட்டிகள். ஒவ்வொன்றிலும் பஞ்சு வைத்து ஒரு வெள்ளி ரூபாய், ராணி தலை போட்டது, ராஜா தலை போட்டது. என் அம்மா சேலை முந்தியில் முடிந்துவைத்திருந்த அதே ரூபாய்தான்.

"ஒண்ணு என்ன விலைங்க வாத்தியாரே?"

"பன்னிரண்டு."

"ஒரு ரூவாயப் பன்னெண்டு ரூவா குடுத்து வாங்கறதா? மிச்சம் பதினொண்ணுக்கு அவன் என்ன குடுத்தான்?"

"சரித்திரம் கொடுத்தான்" என்றார். சிரிக்கவில்லை. "புதுக் காசு வந்ததும் சர்க்கார் இதையெல்லாம் உருக்கிவிடும். தப்பி மிஞ்சுகிறது சீமையில் என்ன விலை போகும் தெரியுமா? எப்போது திருப்பிக் கொண்டுபோனாலும் கொடுத்த விலைக்குக் குறையாமல் எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறான். எல்லாருக்கும் இதைக் காட்டமாட்டானாம். படித்தவர்களுக்கு மட்டும்தான். போனதும் நாற்காலி போட்டுக் காபி வரவழைக்கிறான் என்றால் பாருங்கள்."

"உருக்கினா ரெண்டு ரூவாய்க்கு வெள்ளி தேறுமுங்களா?"

"மண்டிக்காரரே, உங்களுக்கு எதைப் பார்த்தாலும் எடை போடத்தான் தெரியும்" என்று பெட்டியை மூடிவிட்டார். படித்தவர் பணம், படித்தவர் பாடு என்று நானும் வந்துவிட்டேன். ஆறே மாதத்தில் ஓய்வுப் பணம் முக்காலும் டிரங்குப் பெட்டிக்குள் போய்விட்டது.

நயா பைசா வந்தது. அந்த வருஷம் ஆடியில் வரமகாலட்சுமி பண்டிகை. கொள்ளேகாலத்தில் எங்களுக்கு அந்தப் பழக்கம் இல்லை. மைசூருக்கு வந்த பிறகு அக்கம்பக்கத்தைப் பார்த்து எங்கள் பெண்பிள்ளைகளும் பிடித்துக்கொண்டார்கள். கலசம் வைத்து அம்மன் முகம் கட்டி, வீட்டில் இருக்கிற நகை, காசு எல்லாவற்றையும் முன்னால் பரப்புவார்கள். பரப்புவதற்கு முன்னால் சுத்தம் செய்யவேண்டாமா? கறுத்துக் கிடந்த ரூபாய்களை அந்த அம்மிணி வெளியே எடுத்து, கிணற்றடியில் உட்கார்ந்து புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தாள். நானே பார்த்தேன். பளபளவென்று இருந்தது. எட்டு வீட்டுப் பெண்களும் வந்து பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். சுண்டல் வாங்கப் போன என்னிடம் வாத்தியாரே சொன்னார், "இப்போதுதான் வீட்டில் லட்சுமி களை வந்திருக்கிறது" என்று. இதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு அவருக்கும் சந்தோஷம்தான்.

தசரா முடிந்து அவருக்கு வயிற்றில் வலி. டாக்டர் கட்டி என்றார். மெட்ராசுக்குப் போய் ஆபரேஷன் செய்துகொள்ளச் சொன்னார். வாத்தியார் டிரங்குப் பெட்டியை ஜட்காவில் ஏற்றிக்கொண்டு நாணயக் கடைக்குப் போனார். துணைக்கு அம்மிணியும் போனாள். கடைக்காரன் முதல் பெட்டியைத் திறந்து பூதக்கண்ணாடியை வைத்தானாம். தலையில் கை வைத்துக்கொண்டானாம்.

"அய்யோ ஸ்வாமி, இத யாரு தேச்சது? போச்சே! நூறு வருஷத்து அழுக்குக்குத்தானே விலையே! எடைக்கு வேணும்னா எடுத்துக்கறேன்."

வாத்தியார் திரும்பிச் சம்சாரத்தைப் பார்த்தார். அந்தப் பார்வையை அவள் என்னிடம் சொன்னபோது, "கொன்னு போட்டிருந்தாக்கூடத் தேவலைங்ண்ணா" என்றாள்.

அன்றிலிருந்து அவர் அவள் கையால் சாப்பிடுவதை விட்டார். எதிர் ஓட்டலிலிருந்து இட்டிலி வரவழைப்பார். பாதி சாப்பிட்டுப் பாதி வைப்பார். வருகிறவர் போகிறவரிடமெல்லாம், அவள் காதில் விழும்படி, "என் உயிரைப் புளி போட்டுத் தேய்த்துவிட்டாள்" என்பார். ஆபரேஷனுக்குப் பணம் நான் தருகிறேன் என்றேன். "குடியிருக்கிற வீட்டுக்காரரிடம் கையேந்தினேன் என்று இருக்கவேண்டாம்" என்று சொல்லிவிட்டார்.

கிணற்றடிப் பெண்கள் அவரைவிட மோசம்.

"அக்கா, எங்க வீட்டு அண்டாவத் தேச்சுக் குடுங்களேன். காசுதான் கெடும், அண்டா கெடாது."

"சும்மா இருடி. அவங்க கை பட்டா அண்டாவும் எடைக்குத்தான் போகும்."

சிரிப்பார்கள். இவள் குடத்தை நிரப்பாமலே எடுத்துக்கொண்டு போவாள். வெற்றிலை பாக்குக்கு யாரும் கூப்பிடுவதில்லை. நவராத்திரிக்கு வந்தவர்கள் கார்த்திகைக்கு வரவில்லை. ஒருநாள் மில்லுக்கே வந்து, மரத்தூள் மேல் நின்றுகொண்டு கேட்டாள்:

"ஏனுங்ண்ணா, நெசமாலுமே நாந்தான் கெடுத்துப்போட்டேனுங்களா? எனக்குத் தெரியணுமுங்க. ஆமான்னா ஆமான்னு சொல்லிப்போடுங்க."

படித்தவர்கள் எட்டு வீட்டிலும் இருந்தார்கள். முதல் வீட்டில் ஒரு வக்கீல். அவள் அவர்களிடம் போகவில்லை, என்னிடம் வந்தாள். பழைய நாணயத்தைப் பற்றி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. ஆனால் விற்கிறவனை எனக்குத் தெரியும். நானும் விற்கிறவன்தான்.

குண்டலுபேட்டையிலிருந்து ஒரு வெல்ல வியாபாரி மாதம் இரண்டு தடவை என் மண்டிக்கு வருவார், காய்ச்சுகிற அடுப்புக்கு விறகு எடுக்க. பட்டு அங்கவஸ்திரமும் மூக்குக் கண்ணாடியும் போட்டால் பெரிய மனுஷர் மாதிரி இருப்பார். அவர் கையில் பணம் கொடுத்து அந்தக் கடைக்கு அனுப்பினேன். ராணி தலை ரூபாய் ஒன்று, பெட்டியோடு வாங்கிக்கொண்டு வந்தார். பெட்டியை நான் திறக்கவில்லை, அவரையும் திறக்கவிடவில்லை. நூலைப் போட்டுக் கட்டி அவரிடமே கொடுத்துவைத்தேன். அடுத்த தடவை ஊரிலிருந்து வந்தபோது, திருப்பிக் கொடுக்கச் சொல்லி அனுப்பினேன். நான் எதிரே பூக்கடையில் நின்றேன்.

கடைக்காரன் நூலை அவிழ்த்தான். பூதக்கண்ணாடியை வைத்தான்.

"மார்க்கெட் இறங்கிப்போச்சு ஸ்வாமி. நயா பைசா வந்ததுலேருந்து கேட்பாரில்ல. எடைக்கு வேணும்னா எடுத்துக்கறேன்."

நான் உள்ளே போனேன். "இதுல புளி எங்கய்யா?" என்றேன்.

அவனுக்கு என்னை அடையாளம் தெரிந்தது. ஊரில் யாருக்குத்தான் தெரியாது? கொஞ்சம்கூடப் பதறவில்லை. நாற்காலியைக் காட்டி, "கூத்கொள்ளி" என்று கன்னடத்தில் உபசரித்தான். நான் உட்காரவில்லை.

"மூணாவது வீட்டு வாத்தியாரு சம்சாரம் காசக் கெடுத்துதா, இல்லையா? அதச் சொல்லு."

"விறகு மண்டிக்காரரே, நீங்க ஈரவிறக எடை போட்டதே இல்லையா?"

"நான் ஈரம்னு சொல்லித்தான் குடுப்பேன். கேட்டதுக்குப் பதில் சொல்லு."

தோளைக் குலுக்கினான். "யாரு கொண்டுவந்தாலும் எடைதான். இந்த ரூபாய் லட்சக்கணக்குல கெடக்கு, எவன் வாங்குவான்? அவங்க தேச்சிருந்தாங்க, அதனால அதச் சொன்னேன். தேய்க்காம இருந்தா வேற ஒண்ணு சொல்லியிருப்பேன்."

வெல்ல வியாபாரி வாயைப் பிளந்துகொண்டு நின்றார். எனக்குக் கை துறுதுறுத்தது. ஆனால் அடிக்கவில்லை. அடித்தால் பேச்சு அடிதடியைப் பற்றிப் போய்விடும், அம்மிணி விஷயம் அடிபட்டுப்போகும். அந்த நிதானம் அன்றைக்கு எனக்கு இருந்தது. சாட்சியைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நேராகக் காம்பவுண்டுக்கு வந்தேன்.

தண்ணீர் பிடிக்கிற நேரம். கிணற்றடியில் கூட்டம். வாத்தியார் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு கட்டிலில் படுத்திருந்தார். கன்னம் ஒட்டி, கண் உள்ளே போயிருந்தது. நான் வாசலில் நின்றே சத்தமாகச் சொன்னேன், எல்லார் காதிலும் விழட்டும் என்று. பழி ஊரறிய விழுந்தது, ஊரறியத்தானே எடுக்கவேண்டும்? கடைக்காரன் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். வெல்ல வியாபாரி ஆமாம் ஆமாம் என்றார். கிணற்றடியில் ராட்டினச் சத்தம் நின்றுவிட்டது.

 வாத்தியார் வெல்ல வியாபாரியைப் பார்த்துக் கேட்டார்:

"உங்களுக்கும் காபி வரவழைத்தானா?"

"வந்துதுங்க. கடையில போய் உக்காந்ததுமே வந்துதுங்க."

"நாற்காலி?"

"அதுவும் போட்டானுங்க, மெத்தை வெச்சது."

 "கதவைச் சாத்துங்கள்" என்றார் வாத்தியார். சமையல்கட்டு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்ற அம்மிணியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மறுநாளிலிருந்து ஓட்டல் இட்டிலி நின்றது. அவள் வைத்ததை மறுக்கவில்லை. ஆனால் தொட்டால்தானே? திட்டுவதும் நின்றது, பேச்சும் நின்றது. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவர் படுத்தவர்தான். ஆபரேஷன் பேச்சை எடுத்தால் தலையை ஆட்டுவார், சரி என்கிறாரா வேண்டாம் என்கிறாரா தெரியாது. பொங்கலுக்கு முன்னால் போய்விட்டார். காசையெல்லாம் அம்மிணி வெள்ளி ஆசாரியிடம் எடைக்குப் போட்டாள். காரியம் நடந்தது.

கொள்ளேகாலத்திலிருந்து அவள் தம்பி வண்டி கொண்டுவந்திருந்தான். சாமான் ஏற்றும்போது என்னிடம் சொல்லிக்கொள்ள வந்தாள். கையெடுத்துக் கும்பிடுவாள் என்று நினைத்தேன்.

"நீங்க சொல்லாம இருந்திருக்கலாமுங்ண்ணா" என்றாள். "என் மேல பழின்னு இருந்தவரைக்கும், திட்டறதுக்காச்சும் அவுங்க எந்திரிச்சு உக்காந்தாங்க."

"நீதானே அம்மிணி தெரியணும்னு கேட்ட?"

"ஆமாங்க. எங்கிட்டச் சொல்லியிருக்கலாமுங்க."

வண்டி போய்விட்டது. கிணற்றடிப் பெண்கள் அவளை வழியனுப்பக் கூட்டமாக நின்று அழுதார்கள். அண்டா தேய்க்கக் கூப்பிட்டவளும் அழுதாள். என்னைப் பார்த்தால் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். வாத்தியாரின் சொந்தக்காரர்கள், படிக்காதவன் வாயால் போன உயிர் என்று பேசிக்கொண்டதும் என் காதுக்கு வந்தது. நான் ஒரே ஒரு கேள்வி கேட்கிறேன். காதோடு காதாக அவளிடம் மட்டும் சொல்லியிருந்தால், ஊர் அவளை விட்டிருக்குமா? சாகும்வரை புளிக்காரி என்றுதானே சொல்லியிருப்பார்கள்? நான் செய்தது சரி. இன்றைக்கும் அதையேதான் செய்வேன்.

இப்போது மைசூரிலேயே விஜயநகரில் மகன் வீட்டில் இருக்கிறேன். போன மாதம் நம் தமிழ்ச் சங்கத்து ஆண்டு மலர் ஒன்று கைக்கு வந்தது. பேரனை விட்டு வாசிக்கச் சொன்னேன், என் கண் இப்போது சின்ன எழுத்தைப் பிடிப்பதில்லை. அந்த நாளில் நம்மவர்களை ஏமாற்றிய நாணயக் கடை ஒன்றை, ஒரு வக்கீல் துணிந்து நடவடிக்கை எடுத்து மூடவைத்தார் என்று அதில் போட்டிருக்கிறது. முதல் வீட்டு வக்கீல்தான். அவர் செய்தது இவ்வளவுதான்: வாத்தியார் செத்த பிறகு கடைக்கு ஒரு நோட்டீஸ் அனுப்பினார். கடைக்காரன் அதற்குப் பதிலே போடவில்லை. வியாபாரம் படுத்ததும் சாமானைக் கட்டிக்கொண்டு வேறு ஊருக்குப் போனான். அந்த அம்மிணியைப் பற்றி மலரில் ஒரு வார்த்தை இல்லை. வக்கீலுக்கு அது ஞாபகம் இருக்காது. நான் வாசலில் நின்று சொன்ன அன்றைக்கு அவர் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தார்.

சங்கத்துக்காரர்களுக்குச் சொல்கிறேன். மலரைத் திருத்திப் போடுங்கள். வாத்தியார் சாவுக்கு நான் காரணம் என்று நினைக்கிறவர்கள் அதையும் தாராளமாக எழுதட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் அந்தப் பெண்பிள்ளை காசைக் கெடுக்கவில்லை என்று கண்டுபிடித்தவன், கடைக்காரன் வாயாலேயே அதைச் சொல்லவைத்தவன், எட்டு வீட்டு வாசலில் நின்று அதை உரக்கச் சொன்னவன், மூன்றுமே விறகு மண்டிக்காரன். வக்கீல் அல்ல. அது அச்சில் வரவேண்டும், நான் இருக்கும்போதே வரவேண்டும்.