பியானோவுக்கு அடியில் ஒரு சனிக்கிழமை

அஸ்தினாபுரத்தில் எங்கள் வீட்டு ஹாலில் பாதியை ஒரு கிராண்ட் பியானோ அடைத்துக்கொண்டிருக்கிறது. வெளிநாட்டுக்குக் குடிபோன என் அத்தை விட்டுப்போனது. அதில்தான் பாடம் எடுக்கிறேன். என் மாணவர்களில் மூத்தவருக்கு அறுபத்தொரு வயது. வங்கியில் வேலைபார்த்து ஓய்வுபெற்றவர். நான் அவரை அக்கா என்பேன். அவரோ எத்தனை சொன்னாலும் என்னை மிஸ் என்றுதான் கூப்பிடுவார்.

அந்தச் சனிக்கிழமை அவருக்கு முதல் பியானோ பரீட்சை. வாசிப்பதை வீடியோ எடுத்து, அன்று மாலை ஆறு மணிக்குள் அனுப்ப வேண்டும். காலையிலேயே வந்து உட்கார்ந்தார். ஒரு சுரம் பிசகவில்லை. வீடியோவைப் போட்டுப் பார்த்தால், அவர் வலது பெடலை மிதித்த ஒவ்வொரு முறையும் 'கீச்' என்று ஒரு சத்தம். மெதுவான பாட்டு வேறு. எலி புகுந்த மாதிரி கேட்டது.

இன்னும் இரண்டு தடவை எடுத்தோம். வாசிப்பு சுத்தம், கீச்சும் அப்படியே.

பொறுமையில்லாமல் தையல் மிஷின் எண்ணெயைப் பெடல் இடுக்கில் விட்டேன். ஒரு பிரயோஜனமும் இல்லை. பியானோவுக்குச் சுருதி சேர்க்கும் ட்யூனர் பொழிச்சலூரில் இருக்கிறார், அவருக்குப் போன் செய்தேன். அவர் ஒரு கல்யாணத்துக்காக வேலூர் போயிருந்தார்.

"எண்ணெய் மட்டும் விட்டுடாதீங்க சிஸ்டர்" என்றார்.

விட்டாச்சு என்று சொல்ல வாய் வரவில்லை.

"கீழ படுத்து மேல பாருங்க. பெடல் தள்ளுற மரச்சட்டத்துல ஒரு ஸ்பிரிங் இருக்கும். அதோட முனை உரசுதான்னு பாருங்க. உரசுற இடத்துல மெழுகுவத்தி தேய்ங்க, போதும்."

டார்ச்சோடு மல்லாந்து படுத்தேன். என் கணவர் குனிந்து கையால் பெடலை அழுத்தினார். சத்தமே வரவில்லை.

"காலால அழுத்துங்க!"

"அழுத்திட்டுத்தான இருக்கேன்."

"மெதுவா! அக்கா எப்படி மிதிச்சாங்க?"

"நான் என்ன பியானோ கத்துக்கிட்டா வந்திருக்கேன்?" என்று அவர் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டார்.

அக்காவே வந்து மிதித்தார். கீச். ஸ்பிரிங் முனைதான். அதை நெம்பி எடுக்கும்போது துள்ளி என் விரல் மூட்டைக் கிழித்தது. ரத்தம் வந்ததைவிட எரிச்சல்தான் அதிகம். மெழுகைத் தேய்த்து, அதை மறுபடி பொருத்துவதற்குள் மூன்று முறை நழுவியது. கழுத்து பிடித்துக்கொண்டது. மதியச் சாப்பாட்டை யாரும் நினைக்கக்கூட இல்லை.

மணி ஐந்தேகால். அக்கா மிதித்தார், பெடல் பூப்போல இறங்கியது. படம்பிடித்தேன். அன்று காலையிலிருந்து ஒருமுறைகூடத் தப்பாத இடத்தில், கடைசிக்கு முந்தின வரியில், அவர் விரல் பக்கத்துக் கட்டையில் விழுந்தது. ஒரு நொடி நின்று தொடர்ந்தார்.

"இன்னொரு தடவை எடுக்கலாம் அக்கா."

"முடியாது மிஸ். கை சோர்ந்துபோச்சு. இதையே அனுப்புங்க."

அனுப்பினேன். அவர் தேர்ச்சி பெற்றுவிட்டார். சான்றிதழைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார். பிசகிய பிறகும் தடுமாறாமல் தொடர்ந்ததாகப் பாராட்டுகூட வந்தது. எனக்கு ஆறவேயில்லை. அந்தப் பெடலை முந்தின வாரமே ஒரு தடவை மிதித்துப் பார்க்காமல் போனேனே என்று, அவர் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அந்தச் சான்றிதழைப் பார்க்காமல் வேறு பக்கம் திரும்பி உட்காருகிறேன்.