ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிய தீமிதி

சிங்கப்பூருக்குக் கடல்மேல் பாலம் போடும்வரை எங்கள் கம்பத்தை, எங்கள் சின்ன ஊரை, யாரும் சீந்தியதில்லை. மலாயாவில் செனாய்க்கு அப்பால் ரப்பர் மரங்களுக்கு நடுவே ஒரு மாரியம்மன் கோவில், சுற்றி எங்கள் வீடுகள், அவ்வளவுதான். பாலம் வந்ததும் மோட்டார் வண்டிகள் வந்தன. முதல் வருஷத் தீமிதிக்கு இரண்டு வண்டி. வந்த வெள்ளைக்காரர்களுக்கு இளநீர் வெட்டிக் கொடுக்க நாங்களே முண்டியடித்தோம்; நானும்தான், பொய் சொல்வானேன். நாலைந்து வருஷத்தில் வண்டி நிறுத்த இடமில்லாமல் எங்கள் கீரைப் பாத்திகளை மட்டமாக்கினார்கள். ஆற்றில் குளிக்கப் போனால் கரையில் படப்பெட்டியோடு ஒருவன் நின்றான். எங்கள் ஆண்களோ அந்தப் படத்தில் விழுவதற்கு மீசை முறுக்கினார்கள்.

அந்த வருஷம் என் மகளுக்கு ஒன்றரை வயது. பிறந்தது முதல் சீக்கு. அவளுக்காகத் தீ மிதிப்பதாக நானும் என் வீட்டுக்காரரும் வேண்டிக்கொண்டு, மணிக்கட்டில் மஞ்சள் கயிற்றால் காப்புக் கட்டிக்கொண்டோம். கட்டினால், தீமிதி முடிந்து அவிழ்க்கும்வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. தாண்டினால், யாருக்காக வேண்டினோமோ அவர்களையே அம்மன் எடுத்துக்கொள்வாள் என்பார்கள். வெள்ளிக்கிழமை தீமிதி. ஒரு வாரம்தானே என்றிருந்தோம்.

வியாழக்கிழமை, தோட்டத்தில் எங்களை வேலை வாங்கும் கங்காணி வந்தார். அந்த வாரம் சிங்கப்பூரில் குதிரைப் பந்தயமாம், விருந்தாளிகளுக்குத் தோதுப்படாதாம். தீமிதியை அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிவிட்டாராம் தோட்டத்துத் துரை. பூசாரியும் தலையாட்டினார். எங்கள் கையில் இருந்த கயிற்றைப் பற்றி யாரும் பேசவில்லை.

சனிக்கிழமை பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டது. செவ்வாய்க்கிழமை கண் சொருகியது. ஜொகூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். பால்குடி மறக்காத பிள்ளை, என்னை விட்டு யாரிடமும் இருக்காது. பூசாரியிடம் போய் அழுதேன்.

"காப்போட எல்லையத் தாண்டுனா பிள்ளைக்குத்தான் ஆகாதும்மா. ஞாயிறு வரைக்கும் பொறுத்துக்க," என்றார்.

"நாளத் தள்ளுனது மட்டும் அம்மனுக்கு ஆகுமா, சாமி?"

"அது தொர பேச்சு," என்றார்.

எனக்கு வாய் மட்டும்தான் நீளம். எல்லையைத் தாண்டக் கால் வரவில்லை. பிள்ளையை அம்மன் எடுத்துக்கொள்வாளோ என்ற பயத்தில் பிள்ளையை வீட்டிலேயே வைத்துக்கொண்டேன். அதற்காக என்னை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

ஞாயிறு காலை அவள் போய்விட்டாள்.

ஊரில் சாவு விழுந்தால் கோவில் நடையைச் சாத்த வேண்டும், அதுதான் முறை. ஆனால் குழியில் கட்டை அடுக்கியாயிற்று, சிங்கப்பூரிலிருந்து வண்டிகள் கிளம்பியிருக்கும். கங்காணியும் பூசாரியும் எங்கள் வாசலில் நின்று குசுகுசுவென்று பேசினார்கள். பிறகு பூசாரி உள்ளே வந்து எங்கள் இருவர் கயிற்றையும் கத்தியால் அறுத்தார். அதற்கு ஒரு நொடிகூட ஆகவில்லை.

"சத்தம் போடாம எல்லைக்கு அப்பால கொண்டுபோயி அடக்கம் பண்ணிட்டு வாங்கம்மா. விருந்தாளிங்க வர்ற நேரம்," என்றார் கங்காணி.

என் வீட்டுக்காரர் பிள்ளையைத் துண்டில் சுற்றித் தோளில் சாய்த்துக்கொண்டார். எல்லையைத் தாண்டிச் சாலையோரமாக நடந்தோம். எதிரே வந்த மோட்டார் வண்டி ஒன்று நின்றது. உள்ளே இருந்த வெள்ளைக்காரப் பெண், தீ மிதிக்கும் இடம் எது என்று மலாய் மொழியில் கேட்டாள். பிள்ளை தூங்குகிறது என்று நினைத்து, குரலைத் தாழ்த்தித்தான் கேட்டாள். அவர் பிள்ளையைத் தாங்காத கையை நீட்டி வழி காட்டினார்.