மாமியார் என் குழம்பைப் பாராட்டிய நாள்

2009 கோடை. சிதம்பரத்தில் எங்கள் வீட்டுக் குளியலறையில் வழுக்கி விழுந்து மாமியாருக்கு இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. ஆபரேஷனுக்குப் பிறகும் தனியாக எழ முடியவில்லை. நானும் கணவரும் வேலைக்குப் போகிறவர்கள். கடலூரில் இருக்கும் நாத்தனார், "நடக்குற வரைக்கும் இங்க இருக்கட்டும், நான் பக்கத்துலதான இருக்கேன்" என்று தன் வீட்டருகே ஒரு முதியோர் இல்லத்தில் சேர்த்துவிட்டார். பக்கத்தில் இருந்தாரே தவிர, எட்டிப் பார்த்தாரா என்று கேட்காதீர்கள்.

மாமியாரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து என் சமையலை ஒரு வேளைகூட நன்றாக இருக்கிறது என்று அவர் சொன்னதில்லை. உப்பு ஜாஸ்தி, புளி பத்தலை, ஏதாவது ஒன்று. சொல்லிக்கொண்டே இரண்டாவது முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிடுவார்.

அந்த இல்லத்தில் ஞாயிற்றுக்கிழமைதான் பார்க்க விடுவார்கள். அதுவும் முன்னாலேயே போன் செய்ய வேண்டும். போனால், தலை வாரி, பவுடர் போட்டு, வராந்தாவில் உட்கார வைத்திருப்பார்கள். பக்கத்தில் ஆயா நிற்பாள். ஒரு ஞாயிறு மீன் குழம்பு கொண்டு போனேன். அவசரத்தில் உப்பே போடவில்லை என்பது பஸ்ஸில்தான் நினைவு வந்தது. போச்சுடா, இன்றைக்கு அர்ச்சனைதான் என்று பயந்துகொண்டே பரிமாறினேன். ஒரு வாய் சாப்பிட்டார். ஆயாவைப் பார்த்தார். "நல்லா இருக்கும்மா" என்றார்.

எனக்குப் பகீரென்றது. என் பாட்டில் தண்ணீரை வாங்கி மூச்சு விடாமல் குடித்தார். மணிக்கட்டில் கன்றிப்போன தடம். "வளையல் அழுத்தினதுக்கா" என்றாள் ஆயா. வளையல்களைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டுத்தானே அவர் அங்கே போனார்!

வீடு திரும்பியதும் கணவரிடம் சொன்னேன். "அம்மா இப்பதான் அடங்கி இருக்காங்க, அது ஒனக்குப் பொறுக்கலையா?" என்றார். நாத்தனார் போனில், "இத்தினி வருசமா எங்கம்மா திட்டுறாங்கன்னு அழுத. இப்பத் திட்டலன்னு அழுவுறியா?" என்று கேட்டார். தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. மருமகள் சொன்னால் எந்தக் காலத்தில் எடுபட்டிருக்கிறது?

அந்த வாரமே லீவு போட்டுவிட்டு, போன் செய்யாமல் போய் நின்றேன். "இன்னிக்கி வுட முடியாதுக்கா, ஞாயித்துக்கெழம வாங்க" என்று ஆயா மறித்தாள். தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். பழைய புடவைக் கிழிசலால் மாமியாரின் கையைக் கட்டில் கம்பியோடு கட்டியிருந்தார்கள். உதடு வெடித்திருந்தது. தண்ணீர்ச் சொம்பு எட்டாத ஜன்னலில் இருந்தது.

"வுழுந்துட்டா எங்களத்தான கேப்பீங்க? தண்ணி குடுத்தா நாளெல்லாம் படுக்கைய நனைக்கிறாங்க, யாரு தொவைக்கிறது?" என்று என்னிடமே நியாயம் பேசினாள். அவளிடம் நான் என்ன பேசினேன் என்பதை இங்கே எழுத முடியாது. கட்டை அவிழ்த்தபோது மாமியார் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, "சத்தம் போடாதம்மா, நீ போனப்புறம் என்னத்தான் வைவாங்க" என்றார். தெருவையே அடக்கிய வாய் அது.

அன்றே காரில் சிதம்பரம் கூட்டி வந்துவிட்டேன். கையைப் பார்த்த கணவர் உடனே சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். போலீஸில் புகார் கொடுத்தோம். வாங்கி வைத்துக்கொண்டதோடு சரி. என் வேலையை விட்டுவிட்டு நானே பார்த்துக்கொண்டேன். ஆனால் எதைக் கொடுத்தாலும், "நல்லா இருக்கும்மா" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். கேட்கக் கேட்க எனக்கு எரிச்சலும் அழுகையும் சேர்ந்து வரும். வேண்டுமென்றே குழம்பில் உப்பை அள்ளிப் போட்டும் பார்த்தேன். அதையும் சாப்பிட்டு வைத்தார்.

ஆடி மாதம் ஒரு மத்தியானம், ரசத்தை வாயில் வைத்தவர் முகத்தைச் சுளித்தார். "என்னாடி ரசம் இது? வெந்நியில மஞ்சளக் கலந்து வச்சிருக்க?" அடுப்படிக்கு ஓடிப்போய் வாய்விட்டு அழுதேன்.

இப்போதும் யாராவது, "இல்லத்துல சேத்தப்புறம் அம்மா சாதுவா ஆயிட்டாங்க" என்று நிம்மதியாகச் சொன்னால் நான் விடுவதில்லை. சொல்லாமல் கொள்ளாமல் ஒரு நாள் போய்ப் பாருங்கள் என்று சண்டை போட்டாவது அவர்களைக் கிளப்பிவிட்டுத்தான் மறுவேலை பார்க்கிறேன்.