மேஸ்திரி வந்தால் அடங்கும் சத்தம்

அத்தையின் காருக்கு வந்த நோய் விசித்திரமானது. விலை பேச ஆள் வரும் நாளில் கலகலவென்று சத்தம் போடும். மேஸ்திரியைக் கூட்டி வந்தால் பூனைபோல் ஓடும். அவரும் எஞ்சினைத் திறந்து காதை வைத்துக் கேட்டு, முடுக்கக்கூடியதை எல்லாம் முடுக்கிவிட்டு, "இதுக்கு ஒரு கேடும் இல்லை சாமி" என்று சொல்லிப் போய்விடுவார். அடுத்த ஆள் வந்ததும் மறுபடி கலகல.

அத்தையின் கணவர், எங்கள் அத்திம்பேர், வாங்கிய கார் அது. ஆபீஸ் விட்டு வந்ததும் அத்தையைப் பக்கத்தில் உட்கார்த்திக்கொண்டு தாமே சங்குமுகம் கடற்கரைக்கு ஓட்டிப் போவார். கோட்டைத் தெருக்களில் அதைப் பற்றிப் பேசாத வாய் இல்லை. முப்பத்தாறு வயதில் விஷஜுரம் அவரைக் கொண்டுபோனது. அத்தை காரோடு எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். வருஷம் திரும்பும்வரை அவள் வாசல் தாண்டக்கூடாது. கார் நின்றது கொல்லைக் கொட்டகையில். அதற்குத் தடை இல்லை. மத்தியானம் எல்லோரும் கண்ணயர்ந்த பிறகு அவள் அதில் ஏறி, முன்னால் இடது பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். எங்கேயும் போகாத காரில் இவளுக்கு என்ன வேலை என்று எனக்குப் புரியவில்லை. அப்பாவுக்குப் புரிந்திருந்தது, அதனால்தான் விற்க நினைத்தார். கண்ணில் படாவிட்டால் மனசு ஆறும் என்று நம்பினார். கேட்டபோது அத்தை, "உன் இஷ்டம் அண்ணா" என்று மட்டும் சொன்னாள்.

எனக்கு அப்போது பத்து வயது. தையல் மிஷினையும் சுவர்க்கடிகாரத்தையும் கழற்றி அடி வாங்கியிருந்தேன். காருக்கு இன்னும் முறை வரவில்லை.

மூன்றாவதாக வந்தவர் சாலைக் கடைத்தெருவில் இரும்புக்கடை வைத்திருந்த பிள்ளை. டிரைவரையும் கூட்டி வந்திருந்தார். ஓட்டிப் பார்க்க அப்பாவும் ஏறினார். யாரையும் கேட்காமல் நானும் பின்னால் ஏறிக்கொண்டேன். தெருமுனை தாண்டுமுன் சத்தம் ஆரம்பித்துவிட்டது.

"சாமி, நான் காரு வாங்க வந்தேன். இது கிலுகிலுப்பையால்லா இருக்கு" என்றார் பிள்ளை.

அப்பா மேஸ்திரி சொன்னதைத் திருப்பிச் சொன்னார். நான் வேறொன்றைக் கவனித்துக்கொண்டிருந்தேன். வேகம் கூடினால் சத்தம் இல்லை, குறைந்தால் உண்டு. இறக்கம் வந்ததும் எஞ்சினை அணைக்கச் சொன்னேன்.

"எஞ்சினியரம்மா சொல்லுதா, அணைச்சுத்தான் பாரேம்லே" என்று பிள்ளை டிரைவரிடம் சொல்லிச் சிரித்தார்.

அணைத்த பிறகும் சத்தம் போகவில்லை. அப்படியானால் எஞ்சின் இல்லை. சுற்றுகிற ஏதோ ஒன்று.

வீடு திரும்பியதும் காரைக் கையால் தள்ளச் சொல்லி, ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் குனிந்தபடி நடந்தேன். இடது பின்சக்கரம். நடுவிலிருந்த தகர மூடிக்குள் என்னவோ உருண்டது. அடுக்களைக்கு ஓடினேன்.

"அத்தை, தோசைத்திருப்பி குடு."

"எதுக்குடி?"

"சக்கரத்து மூடியைத் திறக்கணும். சத்தம் அதுக்குள்ளேயாக்கும் இருக்கு."

அத்தை கையைத் துடைத்துக்கொண்டாள். ஈரமில்லாத கையைத் துடைக்க அவளுக்கு ஏன் அவ்வளவு நேரம் பிடித்தது என்று நான் பொறுமை இழந்தேன். பிறகு அவளே திருப்பியை எடுத்து என் கையில் கொடுத்தாள். அதன் நுனி ஏற்கெனவே கொஞ்சம் வளைந்திருந்தது. அந்த வளைவு மூடியின் விளிம்புக்கு அளவெடுத்ததுபோல் பொருந்தியது. என் அதிர்ஷ்டம் என்று நினைத்தேன்.

மூடி கழன்றது. ஆறு சோழிகள் மண்ணில் விழுந்தன. தாயம் ஆட நாங்கள் வைத்திருந்த, சில மாதமாகக் காணாமல்போயிருந்த அதே சோழிகள்.

பிள்ளை வயிறு குலுங்கச் சிரித்தார். "நீயே போட்டு, நீயே எடுத்து, பேரும் வாங்கிட்டியே. கெட்டிக்காரிதான் பிள்ளே."

"நான் போடலை."

அப்பா சோழிகளைப் பார்த்தார். பிறகு அடுக்களை ஜன்னலைப் பார்த்தார்.

"குழந்தை வேலைதான்" என்றார் பிள்ளையிடம்.

"அப்பா, நான் போடலை" என்றேன் மறுபடி. முதுகில் ஓர் அடி விழுந்தது. கடிகாரத்துக்கு விழுந்த அடியின் பலம் அதில் இல்லை. ஆனாலும் நான் வாங்கிய அடிகளிலேயே வலித்தது அதுதான். அப்பா பொய் சொல்லி நான் அதுவரை கேட்டதில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் கார் பிள்ளையோடு சாலைக் கடைத்தெருவுக்குப் போயிற்று. போகும்போது ஒரு சத்தமும் இல்லை.

அன்று மத்தியானம் அத்தை காலிக் கொட்டகையில், தரையிலிருந்த எண்ணெய்க் கறையைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தாள். நாலு நாளாக அடக்கி வைத்திருந்த என் அழுகை அவளைக் கண்டதும் வெளியே வந்தது.

"நீயாவது அப்பாகிட்டே சொல்லு அத்தை. சத்தியமா நான் போடலை."

அவள் என் தலைமேல் கை வைத்தாள்.

"நீ போடலைன்னு எனக்குத் தெரியும்டி" என்றாள்.

என்னை நம்ப இந்த வீட்டில் ஒருத்தியாவது இருக்கிறாளே என்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன். சத்தம் எஞ்சினில் இல்லை என்று கண்டுபிடித்த விதத்தை, இறக்கத்திலிருந்து தொடங்கி, ஒன்று விடாமல் அவளுக்கு விளக்கினேன். குறுக்கே பேசாமல் முழுவதும் கேட்டாள். அவளுக்கு எப்படித் தெரியும் என்று கேட்க மட்டும் எனக்குத் தோன்றவில்லை.